ஜப்பான் போருக்குப் போன கதை



ஔந்தில் நம் மாலை வகுப்பு முடிந்த பிறகும் யாரும் உடனே எழுந்து போவதில்லை. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு இருப்போம். ஒரு நாள் பேச்சு ஜப்பானைப் பற்றி வந்தது.

"ஜப்பான்காரங்க நல்ல உழைப்பாளிங்களாச்சே. அவங்க மேல ஏன் அணுகுண்டு போட்டாங்க?" என்று ஒரு அக்கா கேட்டார்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சொன்னார்: "அது பெரிய பாவம்தான் அம்மா. ஆனா அதுக்கு முன்னாடி நடந்ததையும் கேளு. எங்க தாத்தாவோட தம்பி மலாயாவுக்கு ரப்பர் மரம் வெட்டப் போனவரு. ஜப்பான்காரன் ரயில் போடக் கூட்டிட்டுப் போனான். அவ்வளவுதான். திரும்பி வரவே இல்லை."

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். உழைப்பாளி மக்கள் வாழ்ந்த ஒரு நாடு எப்படி ஊர் ஊராகப் பிடிக்கக் கிளம்பியது? அந்தப் போரில் நம் தமிழ் ஏழைகள் எப்படி மாட்டிக்கொண்டார்கள்? இந்தக் கட்டுரை அதைச் சொல்கிறது. கொஞ்சம் நீளமான கதை. நிறுத்தி நிறுத்திப் படியுங்கள்.

கதவைத் திறந்த நாடு

ஜப்பான் பல தீவுகள் சேர்ந்த நாடு. 200 ஆண்டுகளுக்கும் மேலாக அது தன் கதவை மூடி வைத்திருந்தது. வெளிநாட்டார் விருப்பம்போல உள்ளே வர முடியாது. உள்ளே இருப்பவர் வெளியே போகவும் முடியாது.

1853-ல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்தன. பீரங்கியைக் காட்டி, "வியாபாரத்துக்குக் கதவைத் திற" என்றன. ஜப்பானியர் பயந்தார்கள். இந்தியாவை வெள்ளைக்காரன் பிடித்துவிட்டான். சீனாவையும் மிரட்டிக்கொண்டு இருந்தான். அடுத்தது நாம்தானோ என்று நினைத்தார்கள்.

1868-ல் அங்கே ஒரு புது அரசு வந்தது. மன்னர் மெய்ஜியின் பேரால் நடந்த அரசு அது. வெள்ளைக்காரனிடம் இருப்பதெல்லாம் நம்மிடமும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ரயில் போட்டார்கள். ஆலை கட்டினார்கள். இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்தார்கள்.

1910 வாக்கில் அந்த நாட்டில் நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். நம் நாட்டில் அப்போது நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. இதைப் படிக்கும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் அந்தப் பள்ளிகளில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு படம்

ஒவ்வொரு பள்ளிக்கும் மன்னரின் படம் ஒன்றை அரசு அனுப்பியது. அதோடு ஒரு கட்டளைத் தாளும் வந்தது. அது 1890-ல் மன்னர் பேரால் வெளியிட்டது. பெற்றோரை மதி, ஒழுக்கமாக இரு என்று அதில் நல்ல பேச்சும் உண்டு. ஆபத்து வந்தால் நாட்டுக்காக, அரச வம்சத்துக்காக உயிரைக் கொடு என்றும் அதில் இருந்தது. பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்தார்கள். விசேஷ நாட்களில் தலைமை ஆசிரியர் அதை வாசிப்பார். எல்லோரும் தலை குனிந்து நிற்பார்கள்.

படத்தை வைக்கப் பல பள்ளிகளில் கோயில் போலச் சிறிய மண்டபம் கட்டினார்கள். பள்ளி தீப்பிடித்தால் முதலில் அந்தப் படத்தைக் காப்பாற்ற வேண்டும். அதற்காக நெருப்புக்குள் ஓடி உயிரை விட்ட ஆசிரியர்களும் உண்டு.

மன்னர் சூரிய தேவதையின் வழியில் வந்தவர் என்று பாடம் சொன்னது. அதனால் ஜப்பான் மற்ற நாடுகளைப் போல இல்லை, அது தெய்வ நாடு என்றும் சொன்னது. அதற்கு அடுத்த படி, மற்றவர்களை ஆளப் பிறந்தவர்கள் நாம் என்பது. சின்ன வயதில் பிஞ்சு மனதில் இதை ஊன்றிவிட்டார்கள்.

தன் நாட்டை நேசிப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். என் நாடுதான் பெரிது, மற்றவன் எனக்குக் கீழே என்று நினைப்பது வேறு. அதைத்தான் தேசிய வெறி என்கிறோம்.

முதல் வெற்றிகள்

1894-95-ல் ஜப்பான் சீனாவோடு போரிட்டு ஜெயித்தது. தைவான் தீவு கிடைத்தது. 1904-05-ல் ரஷ்யாவோடு போர். அதிலும் ஜப்பானுக்கே வெற்றி. ஒரு பெரிய ஐரோப்பிய அரசை ஓர் ஆசிய நாடு தோற்கடித்துவிட்டது! இந்தியாவில் இருந்தவர்களும் சந்தோஷப்பட்டார்கள். வெள்ளைக்காரனை வெல்ல முடியும் என்று அப்போதுதான் பலருக்கு நம்பிக்கை வந்தது.

ஆனால் பக்கத்தில் இருந்த கொரியா மக்களுக்கு அது சந்தோஷச் செய்தி இல்லை. 1910-ல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிறகு நாளாக நாளாகப் பிடி இறுகியது. 1938-க்குப் பிறகு பள்ளிகளில் கொரிய மொழியைக் கிட்டத்தட்ட எடுத்தே விட்டார்கள். 1940-ல் கொரியர்கள் தங்கள் பெயர்களையும் ஜப்பானியப் பெயர்களாக மாற்ற வேண்டும் என்று நெருக்கினார்கள். நம் பெயரை நாம் எழுதக் கற்றுக்கொண்ட நாளை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயரையே மாற்று என்று ஒருவன் வந்து சொன்னால் எப்படி இருக்கும்?

ரவீந்திரநாத் தாகூர் 1916-ல் ஜப்பானுக்குப் போனார். பெரிய வரவேற்பு கிடைத்தது. அவர் அங்கேயே மேடையில் நின்று, தேசிய வெறி வேண்டாம், ஐரோப்பாவின் கெட்ட பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள் என்று எச்சரித்தார். கை தட்டி வரவேற்ற பலர் அதற்குப் பிறகு முகம் சுளித்தார்கள்.

பட்டுப்புழுவும் பசியும்

அப்போது ஜப்பானில் போரை வேண்டாதவர்களும் இருந்தார்கள். தேர்தல் நடந்தது. கட்சிகள் இருந்தன. 1925-ல் 25 வயது நிரம்பிய எல்லா ஆண்களுக்கும் ஓட்டு கொடுத்தார்கள். பெண்களுக்கு இல்லை. அதே 1925-ல் இன்னொரு சட்டமும் வந்தது. அரசின் அமைப்பை எதிர்த்துச் சங்கம் வைத்தால் சிறை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய மாதிரி.

இந்த நிலையில்தான் பஞ்சம் வந்தது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஏனென்றால் வயிறு காய்ந்த இடத்தில்தான் வெறிப் பேச்சு சீக்கிரம் எடுபடுகிறது.

ஜப்பானிய விவசாயி நெல் பயிரிடுவார். அது சாப்பாட்டுக்கும் குத்தகைக்கும் போய்விடும். கையில் காசு வேண்டுமே. அதற்குப் பட்டுப்புழு வளர்த்தார்கள். ஐந்து விவசாயக் குடும்பங்களில் இரண்டு குடும்பம் பட்டுப்புழு வளர்த்தது. வீட்டுப் பெண்கள் இரவும் பகலும் எழுந்து புழுவுக்கு முசுக்கொட்டை இலை போடுவார்கள். அந்தப் பட்டு அமெரிக்காவுக்குப் போகும். அங்கே பெண்களின் காலுறைக்கு ஆகும்.

1929-ல் அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்தது. ஆலைகள் மூடின. கோடிக்கணக்கானவருக்கு வேலை போனது. யாரும் பட்டு வாங்கவில்லை. இரண்டு ஆண்டுக்குள் பட்டு விலை பாதிக்கும் கீழே இறங்கியது. நெல் விலையும் விழுந்தது. வடக்கே விளைச்சலும் பொய்த்தது. கடன் கட்ட வழியில்லாமல் சிலர் பெற்ற மகளையே தரகரிடம் விற்றார்கள். அந்தப் பெண்கள் ஆலைக்குப் போனார்கள். விபசார விடுதிக்கும் போனார்கள்.

அந்தப் பெண்களின் அண்ணன் தம்பிகள் படையில் சிப்பாய்களாக இருந்தார்கள். அவர்களின் இளம் அதிகாரிகள் கொதித்தார்கள். "அரசியல்வாதியும் பணக்காரனும் நாட்டைத் தின்கிறார்கள். மன்னர் நல்லவர், சுற்றி இருப்பவர்கள் கெட்டவர்கள். படை ஆட்சிக்கு வந்தால் எல்லாம் சரியாகும். சீனாவில் மஞ்சூரியா என்ற பெரிய பூமி இருக்கிறது. நிலக்கரி, இரும்பு, விளைநிலம் எல்லாம் அங்கே உண்டு. அதைப் பிடித்தால் பசி தீரும்" என்று பேசினார்கள்.

கோபம் நியாயமானது. ஆனால் அதைத் தீர்த்துக்கொள்ள அவர்கள் காட்டிய இடம் பக்கத்து வீட்டுக்காரனின் நிலம்.

ஒரு பொய்யான வெடி

மஞ்சூரியாவில் ஜப்பானுக்கு ஒரு ரயில் பாதை சொந்தமாக இருந்தது. அதைக் காக்க ஜப்பானியப் படையும் அங்கே இருந்தது. 1931 செப்டம்பர் 18 இரவு முக்டன் நகரத்துக்குப் பக்கத்தில் அந்தப் பாதையில் ஒரு வெடி வெடித்தது. சீனர்கள்தான் வைத்தார்கள் என்று படை சொன்னது. உடனே தாக்கத் தொடங்கியது.

உண்மையில் வெடி வைத்தவர்கள் ஜப்பானியப் படை அதிகாரிகளே. சேதம் மிகவும் சிறிது. வெடித்த பிறகும் அந்த வழியாக ஒரு ரயில் போனது! டோக்கியோவில் இருந்த அரசிடம் அவர்கள் அனுமதி கேட்கவில்லை. அரசுக்கு அவர்களைத் தடுக்கும் துணிவும் இல்லை. சில மாதத்தில் மஞ்சூரியா முழுவதும் படையின் கையில் வந்தது. 1932-ல் அங்கே ஒரு பொம்மை அரசை வைத்தார்கள்.

பத்திரிகைகள் என்ன செய்தன? படை சொன்னதை அப்படியே அச்சடித்தன. போர்ச் செய்தி போட்டால் பத்திரிகை நன்றாக விற்றது. ஜப்பானிய மக்களில் பெரும்பாலோர் படித்தவர்கள். தினமும் பத்திரிகை படித்தார்கள். போர் முடிந்து விசாரணை நடந்த பிறகுதான், அதாவது பதினைந்து ஆண்டு கழித்துத்தான், பலருக்கு உண்மை தெரிந்தது.

உலக நாடுகளின் சங்கம் ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. ஜப்பான் செய்தது சரியில்லை என்றது. 1933-ல் ஜப்பான் அந்தச் சங்கத்தை விட்டே வெளியேறியது.

பிரதமரைச் சுட்டார்கள்

போருக்கு ஆகாதவர்கள் என்று நினைத்தவர்களை வெறியர்கள் சுடத் தொடங்கினார்கள். பிரதமர் ஹமாகுச்சி மற்ற நாடுகளோடு பேசிப் போர்க்கப்பல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார். 1930 நவம்பரில் டோக்கியோ ரயில் நிலையத்தில் அவரைச் சுட்டார்கள். அந்தக் காயத்தால் அடுத்த ஆண்டு இறந்தார்.

1932 மே 15 அன்று கடற்படை இளம் அதிகாரிகள் சிலர் பிரதமர் இனுகாயின் வீட்டுக்குள் நுழைந்தார்கள். அவருக்கு வயது 76. ஓடவில்லை. "பேசினால் புரிந்துகொள்ளலாம்" என்று அவர் சொன்னார் என்பார்கள். பேச்சு எதற்கு என்று சுட்டுக் கொன்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி. கொலைகாரர்களை விசாரித்தபோது அவர்களை மன்னிக்க வேண்டும் என்று லட்சக்கணக்கான மக்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் தங்கள் ரத்தத்தைத் தொட்டு எழுதினார்கள். அவர்கள் தேச பக்தர்கள், தங்களுக்காகச் செய்யவில்லை என்றார்கள். யாருக்கும் தூக்கு இல்லை. சில ஆண்டுகளில் வெளியே வந்துவிட்டார்கள்.

1936 பிப்ரவரி 26 அன்று சுமார் 1,400 சிப்பாய்கள் டோக்கியோவின் நடுப் பகுதியைப் பிடித்தார்கள். நிதி அமைச்சர் தகஹாஷியைப் படுக்கையிலேயே கொன்றார்கள். படைக்குப் பணத்தைக் குறைக்கப் பார்த்தார் என்பதே அவர் செய்த குற்றம். இந்த முறை மன்னரே கோபப்பட்டார். கலகம் அடங்கியது. தலைவர்களுக்கு மரண தண்டனை கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு படையை எதிர்த்துப் பேச அமைச்சர்கள் பயந்தார்கள். கலகம் தோற்றது, படை ஜெயித்தது.

மினோபே என்று ஒரு சட்டப் பேராசிரியர். மன்னரும் அரசின் ஓர் உறுப்புத்தான் என்று அவர் பல காலமாக எழுதி வந்தார். 1935-ல் திடீரென்று அது தெய்வ நிந்தனை ஆகிவிட்டது. புத்தகங்களைத் தடை செய்தார்கள். மேல்சபைப் பதவியை விட வைத்தார்கள்.

ரேஷனும் வாய்ப்பூட்டும்

1940-ல் ஊரெல்லாம் பத்துப் பத்து வீடுகளாகச் சேர்த்து அண்டை வீட்டுக் குழு அமைத்தார்கள். அரிசி, சர்க்கரை, துணி எல்லாவற்றுக்கும் ரேஷன். குழு வழியாகத்தான் பொருள் வரும். குழுக் கூட்டத்துக்கு எல்லா வீட்டில் இருந்தும் ஆள் போக வேண்டும். படைக்குப் போகிறவனை வழியனுப்பக் கொடி பிடித்துப் போக வேண்டும்.

இந்த ஏற்பாட்டைப் பற்றி வகுப்பில் சொன்னதும் ஒரு அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்போ வாயைத் திறந்தா வீட்டுல அடுப்பு எரியாது" என்றார். அதேதான். போலீஸ் வருவது பிறகு. முதலில் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது.

அப்போதும் பேசியவர்கள் உண்டு. சைட்டோ என்ற எம்.பி. 1940 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் எழுந்தார். இந்தப் போர் எதற்கு, எப்போது முடியும் என்று கேட்டார். அவரைச் சபையில் இருந்து நீக்கினார்கள். 1942-ல் அவர் தன் ஊரில் மறுபடி நின்றார். ஊர் மக்கள் அவரையே ஜெயிக்க வைத்தார்கள்.

சோலாப்பூர் டாக்டர்

1937 ஜூலையில் ஜப்பான் சீனாவின் உள்ளே பெரிய போரைத் தொடங்கியது. டிசம்பரில் நான்கிங் நகரத்தைப் பிடித்தது. அங்கே ஜப்பானியப் படை செய்ததை எழுதக் கை வரவில்லை. சரணடைந்தவர்களையும் ஊர் மக்களையும் கொன்றார்கள். பெண்களைக் கெடுத்தார்கள். இறந்தவர்கள் 3 லட்சம் என்று சீனா சொல்கிறது. வேறு கணக்குகளும் உண்டு. எந்தக் கணக்கும் சிறியது இல்லை.

சீனா இந்தியாவிடம் மருத்துவர்கள் வேண்டும் என்று கேட்டது. அப்போது காங்கிரஸ் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். மக்களிடம் நிதி திரட்டி, 1938 செப்டம்பரில் ஐந்து டாக்டர்களைப் பம்பாயில் இருந்து கப்பலில் அனுப்பினார்கள். அதில் ஒருவர் நம் மகாராஷ்டிராவில் சோலாப்பூரைச் சேர்ந்தவர். பெயர் துவாரகநாத் கோட்னிஸ். வயது 28 கூட நிரம்பவில்லை.

மற்ற நால்வரும் பின்னர் திரும்பி வந்தார்கள். கோட்னிஸ் அங்கேயே இருந்தார். சீன மொழி பேச, எழுதக் கற்றார். போர்முனைக்குப் பக்கத்தில் அடிபட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஒரு மருத்துவமனைக்குத் தலைவர் ஆனார். குவோ சிங்லான் என்ற செவிலியரை மணந்தார். ஒரு மகன் பிறந்தான். 1942 டிசம்பர் 9 அன்று வலிப்பு நோயால் இறந்தார். வயது 32. அவர் கதையை சாந்தாராம் 1946-ல் சினிமாவாக எடுத்தார். சோலாப்பூரில் அவர் பிறந்த வீடு இப்போது நினைவு இல்லம்.

மலாயா விழுந்தது

சீனப் போர் முடியவே இல்லை. போருக்கு எண்ணெய் வேண்டும், இரும்பு வேண்டும், ரப்பர் வேண்டும். ஜப்பானுக்கு எண்ணெயின் பெரும் பகுதி அமெரிக்காவில் இருந்து வந்தது. 1941-ல் ஜப்பான் வியட்நாமின் தெற்குப் பகுதிக்குள்ளும் படையை இறக்கியது. அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. அப்போது ஜப்பானுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. சீனாவை விட்டுத் திரும்புவது ஒன்று. எண்ணெய் இருக்கும் நாடுகளைப் பிடிப்பது இன்னொன்று. படைத் தலைவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1941 டிசம்பரில் ஒரே சமயத்தில் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தையும் மலாயாவையும் தாக்கினார்கள். மலாயாவில் ஜப்பானியச் சிப்பாய்கள் சைக்கிளில் ஏறித் தெற்கே வந்தார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் அந்தமானைப் பிடித்தார்கள். ஏப்ரல் 5-ல் கொழும்பில் குண்டு விழுந்தது. ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. சென்னையில் பீதி. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சி சாலையில் இருந்த கொடிய மிருகங்களைச் சுட்டே விட்டார்கள்.

"ஆசியா ஆசியருக்கே" என்று ஜப்பான் சொன்னது. வெள்ளைக்காரனை விரட்ட வந்தோம் என்றது. நம்மவர் சிலர் அதை நம்பினார்கள். சிலர் நம்பவில்லை. காந்தியடிகள் 1942 ஜூலையில் ஜப்பானியருக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். சீனாவைத் தாக்கியது தவறு, இந்தியாவில் உங்களுக்கு வரவேற்பு இருக்கும் என்று எண்ண வேண்டாம், வந்தால் எதிர்ப்போம் என்பது அதன் சாரம். அடுத்த மாதமே வெள்ளைக்கார அரசு அவரைப் பிடித்து நம் புனேயின் ஆகாகான் மாளிகையில் அடைத்தது.

மரண ரயில்

மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஜப்பான் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்கள் மூடின. கூலி இல்லை. அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள். ஜப்பான் அச்சடித்த நோட்டில் வாழைமரப் படம் இருந்தது. போர் முடிந்ததும் அது வெறும் காகிதம் ஆனது.

பர்மாவில் இருந்த தன் படைக்கு அரிசியும் குண்டும் அனுப்ப ஜப்பானுக்கு வழி வேண்டும். கடல் வழியில் எதிரிக் கப்பல்கள். அதனால் சயாம் நாட்டில் இருந்து பர்மாவுக்குக் காட்டின் வழியே ரயில் போட முடிவு செய்தார்கள். சயாம் என்பது இன்றைய தாய்லாந்து. பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். மலை, காடு, ஆறு, மலேரியா.

1942-ல் வேலை தொடங்கியது. முதலில் போர்க் கைதிகளை இறக்கினார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுச் சிப்பாய்கள் 60,000 பேருக்கு மேல். அது போதவில்லை. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். நல்ல கூலி, சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் வீடு திரும்பலாம் என்றார்கள். பசித்தவர்கள் கிளம்பினார்கள். சிலர் மனைவி மக்களோடு போனார்கள். போனவர்களிடம் இருந்து கடிதம் வரவில்லை. அதன் பிறகு யாரும் தானாகப் போகவில்லை. தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்கு வைத்துப் பிடித்தார்கள். இலவச சினிமா என்று கூட்டி, கதவை அடைத்து, லாரியில் ஏற்றினார்கள் என்றும் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

சரக்கு ரயில் பெட்டியில் நெருக்கி அடைத்துச் சயாமுக்குக் கொண்டு போனார்கள். அங்கே இருந்து காட்டுக்குள் பல நாள் நடை. மூங்கில் கொட்டகை. கூரை ஒழுகும். கையால் பாறையை உடைத்தார்கள். கூடையில் மண் சுமந்தார்கள்.

1943-ல் சீக்கிரம் முடி என்று மேலிடத்து உத்தரவு வந்தது. அதே நேரத்தில் மழைக்காலம். அதோடு காலரா. போர்க் கைதிகள் நடுவே ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வை, குழியைத் தள்ளி வெட்டு என்று சொல்லிக் கொஞ்சம் பேரையாவது காப்பாற்றினார்கள். நம் கூலிகளுக்கு டாக்டர் இல்லை, தலைவன் இல்லை. ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். ஒரே கொட்டகையில் நோயாளியும் பிணமும் கிடந்தன. மூட்டமாக எரித்தார்கள். குழியில் தள்ளினார்கள்.

1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போர்க் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியக் கூலிகள் எத்தனை பேர்? தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் எல்லோரும் சேர்ந்து சுமார் 2 லட்சம் பேர் வேலை செய்தார்கள். அதில் சுமார் 90,000 பேர் இறந்தார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் கணிக்கிறார்கள். யாரும் சரியான கணக்கு வைக்கவில்லை.

வகுத்தல் கணக்குத் தெரிந்தவர்கள் ஒரு தாளை எடுங்கள். 90,000-ஐயும் 12,000-ஐயும் கூட்டி 415-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு 245 உயிர் வருகிறது. ஔந்தில் இருந்து சிவாஜிநகர் வரை பஸ்ஸில் போகும் தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படியுங்கள்.

நமக்குப் பக்கத்தில் கட்கியில், மூளா ஆற்றின் ஓரத்தில், ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவின் மேற்கிலும் நடுவிலும் இறந்த சிப்பாய்கள் 1,600-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். தாய்லாந்தில் காஞ்சனபுரியிலும் அதுபோல ஒரு தோட்டம். அங்கே கிட்டத்தட்ட 7,000 சிப்பாய்களின் கல்லறை. புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பாதுகாக்கிறார்கள். கல்லில் பெயர், வயது, படைப் பிரிவு எல்லாம் உண்டு. அந்தச் சிப்பாய்களுக்கு அது கிடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. நம் ஆட்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லையே என்பதுதான் வருத்தம். அவர்கள் பெயரை எழுதி வைக்க யாரும் இல்லை. அவர்களில் பலருக்கும் எழுதத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே 1943-ல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். நாட்டு விடுதலைக்கு என்று துணிந்து போனவர்கள் அவர்கள். ஜப்பானோடு கைகோத்துத்தான் அந்தப் படை நின்றது. ஒரே தோட்டத்தில் அண்ணன் சயாம் காட்டிலும் தம்பி நேதாஜி படையிலும் இருந்திருக்கலாம். இதை எளிதாக நல்லது கெட்டது என்று பிரித்துவிட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தமானில் நிலைமை இன்னும் மோசம். ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்டு 1944 ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்களைச் ஜப்பானியப் படை சுட்டுக் கொன்றது.

போருக்குப் பின்

1944-ல் இம்பாலிலும் கோஹிமாவிலும் ஜப்பானியப் படை தோற்றது. மராட்டியச் சிப்பாய்களும் அங்கே போரிட்டார்கள். 1945-ல் அமெரிக்க விமானங்கள் ஜப்பானிய நகரங்களை எரித்தன. ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமாவிலும் 9-ல் நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஜனங்கள். பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. நம் வகுப்பு அக்கா கேட்ட கேள்விக்கு நியாயம் என்று ஒரு பதில் என்னிடம் இல்லை. படைத் தலைவர்கள் தொடங்கிய போருக்கு அந்தப் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 15 அன்று சரணடையப் போவதாக மன்னர் ரேடியோவில் பேசினார். அவர் குரலை மக்கள் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டார்கள். மறு ஆண்டு தொடக்கத்தில், தான் தெய்வம் இல்லை என்று அவர் பேரால் அறிக்கை வந்தது. பள்ளிகளில் இருந்து அந்தப் படங்கள் போயின. 1946-ல் நடந்த தேர்தலில் பெண்கள் முதல் முறை ஓட்டுப் போட்டார்கள். 1947 மே 3 அன்று புதிய அரசியல் சட்டம் நடப்புக்கு வந்தது. போர் செய்யும் உரிமையைக் கைவிடுகிறோம் என்று அதன் 9-ஆவது பிரிவு சொல்கிறது.

மரண ரயில் பாதையின் ஒரு பகுதியில் இன்றும் ரயில் ஓடுகிறது. காஞ்சனபுரியில் இருந்து நாம் டோக் என்ற ஊர் வரை போகலாம். சுற்றுலாப் பயணிகள் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

உயிர் பிழைத்த தமிழர்கள் எலும்பும் தோலுமாக மலாயாத் தோட்டங்களுக்குத் திரும்பினார்கள். பல வீடுகளில் ஆள் திரும்பவில்லை. மனைவிகள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மறுபடி பால் வெட்டப் போனார்கள். 1967-ல் ஜப்பான் மலேசிய அரசோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. போரில் நேர்ந்த துன்பத்துக்காக என்று சொல்லி, இரண்டரைக் கோடி மலேசிய வெள்ளி மதிப்புக்குச் சரக்குக் கப்பல்களைக் கொடுத்தது. ரயில் போடப் போனவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் தங்களுக்கு வர வேண்டிய கூலியையும் நஷ்டஈட்டையும் அதன் பிறகும் பல ஆண்டுகள் கேட்டு வந்தார்கள்.